ஆறு மணிச் செய்திக்கு எழும்பிய வளவு

சொக்கலிங்கம் வளவு தரையை விட்டு முதல்முதலாக எழும்பிய சாயங்காலம், அது எழும்பியது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஆறு மணிச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது; ஊரடங்கு போட்ட நாளிலிருந்து ஆறு மணிச் செய்தி ஓடும்போது காலடியில் பாம்பு போனாலும் குனிந்து பார்க்கிற பழக்கம் எங்களை விட்டுப் போயிருந்தது. செய்தி வாசிக்கிற பெண் அன்றைக்குத் தொற்று கண்டவர்களின் எண்ணைச் சொன்னாள், ஆறு வீட்டு டிவியும் ஒரே குரலில் அதைச் சொல்லின, சொல்லி முடித்ததும் வளவு ஒரு குலுங்கு குலுங்கி, சுவரும் ஓடும் முற்றமும் முருங்கை மரமும் துவைகல்லும் கொடியில் காய்ந்த துணிமணியும் அதற்குள் ஒளிந்து விளையாடிய பிள்ளைகளும் அப்படியே இருக்க, ஒரு சாண் மேலே போய் நின்றது. மறுநாள் காலையில் பால் வாங்கப் போன பிச்சம்மாள் மதினி, தரை இருக்கும் என்று கால் வைத்த இடத்தில் தரை இல்லாமல் தடுமாறித் தெருவில் உட்கார்ந்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

வளவு என்றால் என்னவென்று திருநெல்வேலிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: தெருவுக்கு ஒரே வாசல், உள்ளே நுழைந்தால் இந்தப் பக்கம் மூன்று வீடு, அந்தப் பக்கம் மூன்று வீடு, நடுவில் முற்றம், மூலையில் கிணறு, கிணற்றடியில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு குளியலறை. ஒரு வீட்டில் மிளகாய் தாளித்தால் ஆறு வீட்டிலும் தும்முவார்கள். அந்த நாட்களில் தும்முவதற்கே பயந்து மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் மூன்றாவது வீடு, பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். பள்ளிக்கூடம் இல்லாததால் வேன் இல்லை, வேன் இல்லாததால் வேடிக்கை பார்ப்பதைத் தவிர எனக்கு வேறு ஜோலி இல்லை, ஆகவே இந்த விஷயத்தில் என்னை நம்பலாம்.

முதலில் ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். அடுத்த தெருவில் போர்வெல் போட்டதால் பூமி உப்பிவிட்டது என்றார் ஒருவர், வாசல் மூலையில் வாஸ்து சரியில்லை என்றார் இன்னொருவர். ஆனால் செய்தியில் எண் பெரிதாக இருந்தால் வளவு பெரிதாக எழும்பியது, சின்னதாக இருந்தால் சின்னதாக எழும்பியது, இது குழந்தைக்குக்கூடப் புரிந்துவிட்டது. புரிந்த பிறகு யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமி உலகத்தையே வீட்டுக்குள் உட்கார வைத்திருக்கும்போது, ஒரு வளவு கொஞ்சம் எழும்பினால் அதை யாரிடம் போய்ச் சொல்வது என்று விட்டுவிட்டோம். வாசலில் ஒரு முக்காலி போட்டோம், பிறகு முக்காலி மேல் முக்காலி போட்டோம், பிறகு ஏணி வைத்தோம்.

கிணற்றின் சுற்றுச்சுவர் எங்களோடு மேலே வந்துவிட்டது, தண்ணீர் மட்டும் பூமியிலேயே இருந்தது. எனவே வாளியை விட்டால் அது கிணற்று உறைக்குள் இறங்கி, அடியில் வெளிச்சத்தில் தலைநீட்டி, வெட்டவெளியில் கொஞ்ச தூரம் ஆடிக்கொண்டே போய், மறுபடியும் மண்ணுக்குள் புகுந்து தண்ணீரைத் தொடும். ஒவ்வொரு வாரமும் கயிற்றில் கயிறு முடிந்தோம். உயரத்தில் கொசு இல்லை, காற்று நன்றாக வந்தது, செல்போனில் சிக்னல் முழுசாக இருந்தது, எங்கள் பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பு ஒருநாளும் அறுபடாததைக் கேள்விப்பட்டு மற்றத் தெருக்காரர்கள் வயிறெரிந்தார்கள். வீட்டை விட்டு வெளியே வராதீர்கள் என்று மைக்கில் சொல்லிக்கொண்டு வந்த போலீஸ் வண்டி எங்கள் இடத்துக்கு வந்ததும், வீடே வெளியே வந்துவிட்டால் என்ன சொல்வதென்று தெரியாமல் சத்தத்தைக் குறைத்துக்கொண்டு போனது. ஊர்க்காரர்களில் பாதிப்பேர் டிவி பார்ப்பதையே நிறுத்திவிட்டார்கள். சாயங்காலம் மொட்டை மாடியில் நின்று எங்கள் வளவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இன்றைக்குக் கூடுதல்தான் என்று சொல்லி, பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக் கபசுரக் குடிநீர் கொடுத்தார்கள்.

எங்கள் வளவுக்கு இன்னொரு வழக்கமும் இருந்தது, அதை ஆரம்பித்து வைத்தவர் முதல் வீட்டுத் தளவாய் அண்ணாச்சி, பிச்சம்மாள் மதினியின் வீட்டுக்காரர், ஒரு காலத்தில் அரிசி மண்டி வைத்திருந்தவர், மதினியின் ரசத்தில் தினமும் ஒரு குறை கண்டுபிடிக்கிறவர், சித்திரையில் மௌன விரதம் என்று அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்துவிட்டு அப்போதுதான் வெளியே வந்திருந்தவர். தொற்று கண்டவர்களின் எண்ணுக்குப் பிறகு இறந்தவர்களின் எண்ணைச் சொல்வார்கள் அல்லவா, ஒருநாள் அதைக் கேட்டதும் அண்ணாச்சி எழுந்து டிவியை அணைத்துவிட்டு முற்றத்துக்கு வந்து நின்றார். இப்போது சாகிறவர்களைப் பிளாஸ்டிக்கில் சுற்றித் தூக்கிப் போகிறார்கள், கொள்ளிச்சட்டி தூக்கப் பிள்ளை இல்லை, பின்னால் நடக்கத் தெரு இல்லை என்று சொல்லிவிட்டு எங்களைப் பார்த்தார்.

"செத்தவியளுக்காக ஒரு வாளி தண்ணி தலைக்கு ஊத்தக்கூட ஆளு இல்லன்னா, அப்புறம் நாமல்லாம் என்னத்துக்கு மனுசன்னு இருக்கோம்?"

இழவுச் செய்தி கேட்டால் தலைக்குக் குளிப்பது எல்லார் வீட்டிலும் உள்ளதுதான், பங்காளிக்குக் குளிக்கிறவர்கள் பெயர் தெரியாதவர்களுக்கும் குளித்தால் குறைந்தா போவோம். அன்று முதல் இறந்தவர் எண்ணைச் சொன்ன அடுத்த நொடியே ஐந்து வீட்டில் டிவி அணையும், ஐந்து வீட்டு ஆட்களும் தோளில் துண்டோடு கிணற்றடியில் இடைவெளி விட்டு வரிசையில் நிற்போம். முதலில் கொஞ்சம் முணுமுணுத்தோம், பிறகு பழகிவிட்டது, பிறகு அந்த ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிக்கொள்ளாவிட்டால் தூக்கமே வராது என்றாகிவிட்டது. ஆறாவது வீட்டு வடிவுக்கு மட்டும் அண்ணாச்சி விலக்குக் கொடுத்தார், ஏனென்றால் அவள் பிள்ளை உண்டாகியிருந்தாள்.

வடிவுக்கு அது முதல் பிரசவம். இதற்கு முன்னால் ஒன்று தங்காமல் போயிருந்தது, அதனால் இந்தத் தடவை ஆஸ்பத்திரியில்தான் பெற வேண்டும், வீட்டில் வைத்துப் பார்க்கிற பேச்சே கூடாது என்று டாக்டரம்மா முதல் மாதத்திலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவள் புருஷன் நயினார் இருசக்கர வாகன மெக்கானிக். அந்த நாட்களில் பால் வண்டி, மருந்து வண்டி எது நின்றாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். ஒருநாள் மத்தியானம் அப்படி ஒரு பால் வண்டியைப் பார்க்க ஏணியில் இறங்கிப் போனான். அன்றைக்குச் சாயங்காலச் செய்தியில் எண் ஒரே தாவாகத் தாவியது, வளவும் தாவியது, ஏணி விழுந்தது, நயினார் கையில் சத்து மாத்திரையோடு திரும்பி வந்தபோது அவனுடைய வீடு பனைமர உயரத்தில் இருந்தது.

அதன்பிறகு நயினார் கீழேதான். வளவு எழும்பிப்போன வெற்றுத் தரையில், அவன் வீடு எந்த இடத்தில் இருந்ததோ அதே இடத்தில் தார்ப்பாய் கட்டிக் குடியிருந்தான். வடிவு கிணற்று வாளியில் தூக்குச்சட்டி வைத்து இறக்குவாள், அவன் அதை எடுத்துக்கொண்டு காய்கறியோ மாத்திரையோ வைத்து அனுப்புவான். வளைகாப்புக்கு வளையல் அந்த வாளியில்தான் ஏறியது; பெண்கள் மேலே குலவை போட, அவன் கீழே ஒற்றையில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான், அதைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. ஆனால் அவர்கள் இரண்டு பேரும் அசரவில்லை. தினமும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் அவள் கிணற்றுச் சுவரில் சாய்ந்துகொண்டு, அத்தான் சாப்பிட்டீர்களா என்று கேட்பாள், அவன் நான் சாப்பிட்டேன், உள்ளே இருப்பவன் சாப்பிட்டானா என்பான், பொட்டப்பிள்ளையாக இருந்தால் என்ன செய்வீர்களாம் என்று அவள் சண்டைக்கு வருவாள், அவளும் சாப்பிடத்தானே செய்யணும் என்பான் அவன். இந்தப் பேச்சை நாங்கள் ஐந்து வீட்டுக்காரர்களும் தினசரி கேட்டோம், ஒருநாளும் சலிக்கவில்லை.

இதற்கிடையில் வளவு சாய ஆரம்பித்தது. ஐந்து வீடும் ஒரு மட்டத்தில் இருக்க, வடிவின் வீட்டு மூலை மட்டும் நாளுக்கு நாள் தாழ்ந்துகொண்டே வந்தது. பிள்ளைகளின் கோலிக்குண்டு அவள் வாசலுக்கு உருண்டது, நாங்கள் குளித்த தண்ணீர் அவள் வாசலுக்கு ஓடியது, பிச்சம்மாள் மதினி கவிழ்த்த சாம்பார் முற்றத்தைத் தாண்டி அவள் வீட்டுப் படியில் போய் நின்றது. நிறைமாத வயிறு, கனம் இருக்கத்தானே செய்யும் என்று நாங்களாகவே முடிவு கட்டினோம். மாப்பிள்ளை நல்ல புஷ்டியாகத்தான் பிறப்பான் என்று கேலி பேசினோம். அவளும் சிரித்துக்கொண்டு, இன்னும் ரெண்டு தோசை போடுங்க மதினி என்பாள்.

ஆனால் உள்ளுக்குள் எல்லாருக்கும் பயம் இருந்தது. நாள் நெருங்கிக்கொண்டிருந்தது, வளவோ ஏறிக்கொண்டிருந்தது. தீயணைப்பு வண்டி வந்து தன் ஏணியை முழுசாக நீட்டிப் பார்த்தது, அது எங்கள் துவைகல்லின் அடியைக்கூடத் தொடவில்லை. கட்டிலில் கயிறு கட்டி இறக்கலாம் என்று பேசி, வடிவின் எடைக்கு அரிசி மூட்டை ஒன்றை வைத்து இறக்கிப் பார்த்தோம். மூட்டை பாதி தூரம் சமர்த்தாகப் போனது, பிறகு காற்றில் சுற்றியது, பிறகு கட்டிலை விட்டுக் குதித்து நயினாரின் தார்ப்பாயை நாசம் செய்தது. கீழே அவன் ஒரு வாரம் கல் பொறுக்கிச் சோறு வடித்தான். வடிவு அந்தக் கட்டிலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்த யோசனை என்னுடையது, அதனால் அதைப்பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. செய்தியால்தானே ஏறுகிறது, செய்தியே பார்க்காமல் இருப்போம் என்றேன். அன்று ஆறு மணிக்கு ஆறு டிவியும் வாயை மூடிக்கொண்டிருந்தன. நாங்கள் முற்றத்தில் உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம், ஒவ்வொருவர் மனசிலும் ஒவ்வொரு எண் ஓடியது, அந்த எண்களுக்கெல்லாம் சேர்த்து வளவு ஒரு ஏற்றம் ஏறியது பாருங்கள், முருங்கை மரத்தில் இருந்த காக்காய்கள் பயந்து கீழே பறந்து போய்விட்டன. மறுநாள் முதல் மறுபடியும் டிவி போட்டோம், என்னை யாரும் யோசனை கேட்பதில்லை.

விஷயத்தைக் கண்டுபிடித்தது வடிவுதான். நாங்கள் எல்லாரும் குளிக்க ஓடிவிடுவோம், ஆறாவது வீட்டு டிவியை அணைக்க ஆள் கிடையாது, அவளுக்கோ உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. ஆகவே தினமும் அவள் மட்டும் செய்தியைக் கடைசிவரை பார்த்தாள். இறந்தவர்களுக்குப் பிறகு, குணமாகி வீடு திரும்பியவர்கள் என்று ஓர் எண்ணைச் சொல்வார்கள். அந்த எண் வரும்போதெல்லாம் பக்கத்தில் வைத்த காப்பித் தம்ளர் கொஞ்சம் நகர்கிறது என்று அவள் கவனித்தாள். முதலில் தலைசுற்றல் என்று நினைத்தாள். பிறகு தம்ளரில் விளிம்பு வரை காப்பி ஊற்றி வைத்துப் பார்த்தாள். வீடு திரும்பியவர்கள் என்ற வார்த்தைக்குக் காப்பி தளும்பிக் கீழே வழிந்தது. அவள் இருக்கிற மூலை இறங்கியது வயிற்றுக் கனத்தால் அல்ல, அந்த எண்ணைக் கேட்க அங்கே ஓர் ஆள் இருந்ததால்.

அவள் முற்றத்துக்கு வந்து இதைச் சொன்னபோது நாங்கள் ஈரத்தலையோடு நின்றுகொண்டிருந்தோம். அண்ணாச்சி துவைகல்லில் உட்கார்ந்துவிட்டார். செத்தவர்களுக்குக் குளிக்க ஓடிய ஓட்டத்தில் பிழைத்தவர்களை ஒருவரும் கேட்கவில்லையே என்று சொல்லி ஈரத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். குளிப்பதை விட வேண்டாம், கேட்டுவிட்டுக் குளிப்போம் என்று வடிவே சமாதானம் சொன்னாள்.

மறுநாள் ஆறு வீடும் செய்தியைக் கடைசிவரை கேட்டது. வளவு எழும்பியது, பிறகு கண்கூடாக இறங்கியது, பெண்கள் குலவை போட்டார்கள். ஆனால் எழும்பிய அளவுக்கு இறங்கவில்லை. வீடு திரும்புகிறவர்களைவிடப் புதிதாகப் படுக்கிறவர்கள்தான் அந்தச் சமயத்தில் அதிகம். ஏற்றம் மட்டுப்பட்டதே தவிர, வடிவுக்கு வலி எடுக்கிற நாளைக்குள் தரையைத் தொடுவோம் என்று யாருக்கும் நம்பிக்கை இல்லை. ஆனி பிறந்து சாரல் காற்று வேறு வீச ஆரம்பித்துவிட்டது. அன்று ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் வடிவு கிணற்றுச் சுவரில் சாய்ந்துகொண்டு, புருஷனிடம் வழக்கமான கேள்வியைக் கேட்காமல் வேறொன்றைக் கேட்டாள்.

"அத்தான், நாங்க கேக்காம விட்டவிய அத்தன பேரும் இப்ப எங்கன இருப்பாவ?"

"எங்கன இருப்பாவ, ஊருக்குள்ளதான் இருப்பாவ."

"அப்ப அவியளக் கூட்டிட்டு வாங்க. டிவி சொன்னா என்ன, அவியளே சொன்னா என்ன."

மறுநாள் விடியும்போதே அவளுக்கு வலி எடுத்துவிட்டது. ஆம்புலன்ஸ் வந்து தெருமுனையில் நின்றது, அதன் டிரைவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, ஏற்றுவதற்கு ஆளை இறக்கித் தரவேண்டியது உங்கள் பொறுப்பு என்று சொல்லி வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டார். நயினார் தன் பழைய மொபெட்டை உதைத்துக் கிளம்பினான். அவனுக்கு ஊரில் ஆட்களை வண்டியை வைத்துத்தான் தெரியும். யாருடைய வண்டி மாதக்கணக்கில் அசையாமல் வாசலில் தூசி படிந்து நிற்கிறதோ, அந்த வீட்டுக் கதவைத் தட்டினான். நோய் போய் வீடு திரும்பியவர்கள் திரும்பிய பிறகும் தனியாகத்தான் இருந்தார்கள். பால்காரர் எட்டி வைத்துவிட்டுப் போனார், பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்தினார், எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டு அந்தக் கதவை யாருமே தட்டியிருக்கவில்லை. அதனால் அவன் தட்டி, ஒரு பிள்ளை பிறக்க வேண்டும், நீங்கள் வந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று சொன்னதும், எதற்கு ஏன் என்று கேட்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

காலை வெயிலில் எங்கள் வளவின் நிழலைச் சுற்றி முகக்கவசத்தோடு இடைவெளி விட்டு ஆட்கள் நிற்க ஆரம்பித்தார்கள். முதலில் ஓர் ஆட்டோக்காரர் நிழலுக்குள் வந்து, கழுத்தை வளைத்து மேலே பார்த்து, கைகளை வாயருகே குவித்துக்கொண்டு கத்தினார்.

"நான் பூலுடையார், வண்ணார்பேட்ட. நான் வீட்டுக்கு வந்துட்டேன்!"

வளவு ஒரு முழம் இறங்கியது. அடுத்து ஒரு கீரைக்காரம்மா சொன்னாள், இறங்கியது. வங்கியில் வேலை பார்க்கிறவர் ஒருவர் கூச்சப்பட்டுக்கொண்டு மெதுவாகச் சொன்னார், கேட்கவில்லை என்று மேலிருந்து நாங்கள் கத்தினோம், அவர் ஜென்மத்தில் அவ்வளவு சத்தமாகப் பேசியிருக்க மாட்டார், இறங்கியது. ஒரு ஏட்டையா, ஒரு புதுமணத் தம்பதி, மேளம் வாசிக்கிற ஒருத்தர், ஒரு கல்லூரிப் பெண் என்று வந்துகொண்டே இருந்தார்கள், ஒவ்வொருவர் சொல்லும்போதும் பெண்கள் குலவை போட்டார்கள், ஒவ்வொரு குலவைக்கும் பிறகு கீழேயிருப்பவர் முகம் இன்னும் கொஞ்சம் தெளிவாகத் தெரிந்தது. சிலர் தேவைக்கு மேல் பேசினார்கள். ஒருவர் ஆஸ்பத்திரியில் கொடுத்த இட்லியிலிருந்து ஆரம்பித்து, பக்கத்துக் கட்டில்காரரின் குறட்டை வரை விலாவாரியாகச் சொன்னார்; பாவம், யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று எத்தனை நாள் வைத்திருந்தாரோ, வடிவே வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு, சொல்லி முடிக்கட்டும் என்று சைகை காட்டினாள்.

நடுவில் ஓர் அம்மா வந்து நின்றாள். நெற்றி வெறுமையாக இருந்தது.

"நான் ராஜாமணி, பேட்ட. நான் வந்துட்டேன். எங்க வீட்டுக்காராவ வரல."

வளவு அப்படியே நின்றது. யாருக்கும் குலவை வரவில்லை. அண்ணாச்சி கிணற்றடிக்குப் போய் ஒரு வாளி தண்ணீர் இறைத்து, வேட்டி சட்டையோடு அங்கேயே தலையில் ஊற்றிக்கொண்டார், பிறகு நான் ஊற்றிக்கொண்டேன், பிறகு ஒவ்வொருவராக. ராஜாமணியம்மா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள், பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பிள்ளைத்தாச்சியக் காக்க வைக்காதிய, அடுத்தவிய சொல்லுங்க என்று அவளே வரிசையைக் கிளப்பினாள். அப்போதுதான் அவளுக்கான முழத்தை வளவு இறங்கியது.

வெயில் ஏறியது, வலி நெருங்கி நெருங்கி வந்தது. கடைசி ஆள் சொல்லி முடித்தபோது வளவு தரையிலிருந்து மூன்று ஆள் உயரத்தில் நின்றது. நயினார் மறுபடியும் மொபெட்டை எடுத்துத் தெருத்தெருவாகப் போய் வெறும் ஆளாகத் திரும்பி வந்தான். விழுந்த ஏணி அரிசி மூட்டைக்கு அடியில் சிக்கி ஏற்கெனவே ஒடிந்து கிடந்தது, வேறு ஏணி கொண்டுவந்தாலும் அந்த வலியில் அவளால் இறங்க முடியாது. வடிவு வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், கீழே நயினார் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றான், அவன் விரல் நுனிக்கும் அவள் பாதத்துக்கும் நடுவில் இன்னும் ஓர் ஆள் நிற்கலாம். குதித்துவிடட்டுமா அத்தான் என்று அவள் கேட்டாள். அவன் முதல் தடவையாக அழுதான். கீழே நின்ற கூட்டம் ஒருவரை ஒருவர் பார்த்து, இன்னும் யார், இன்னும் யார் என்று கேட்டுக்கொண்டிருந்தது.

தளவாய் அண்ணாச்சி தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட முற்றத்தின் நடுவில் வந்து நின்றார்.

"நான் தளவாய். இந்த வளவுதான். நானும் வந்துட்டேன்."

எங்களுக்குப் புரியவில்லை. அவரே தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"சித்திரையில மௌன விரதம்னு சொல்லி ரூம்பு கதவச் சாத்திக்கிட்டுக் கெடந்தேம்லா, அது விரதமில்ல, காய்ச்சலு. சொன்னா வாசல்ல தகரத்த அடிச்சு வளவயே அடச்சிருவாவளேன்னு பயந்துட்டேன். ஒத்தையில கெடந்து, நான் போயிட்டா எனக்கு ஒரு வாளி தண்ணி ஊத்தக்கூட யாரும் வரமாட்டாவளேன்னு நெனச்சு நெனச்சு அழுதேன். பொழச்சு எந்திச்சு வந்துட்டேன். யார்ட்டயும் சொல்லல."

பிச்சம்மாள் மதினிதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"அதான் வாசப்படில வச்ச ரசத்த ஒரு கொறயும் சொல்லாமக் குடிச்சியளா? நான் கூட என் ரசம் தேறிட்டுன்னுல்லா இருந்தேன்."

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை, வடிவாகத்தான் இருக்க வேண்டும், வலியும் சிரிப்புமாக ஒரு சத்தம் அவளிடமிருந்து வந்தது, பிறகு ஆறு வீடும் சிரித்தது, கீழே கூட்டமும் விஷயம் கேட்டுச் சிரித்தது, அண்ணாச்சி அழுதுகொண்டே சிரித்தார், மதினி அழுகையை அடக்கிக்கொண்டு குலவை போட வாயைக் குவித்தாள், குலவை கிளம்புவதற்குள் வளவு மிச்சமிருந்த உயரத்தையெல்லாம் ஒரே மூச்சில் இறங்கித் தரையில் உட்கார்ந்தது. கீழே நின்றவர்கள் நல்லவேளையாக விலகிக்கொண்டார்கள், நயினார் ஒட்டுப்போட்டுக் கட்டியிருந்த தார்ப்பாய்தான் அகப்பட்டுக்கொண்டது. ஆறு வீட்டு அடுக்களையிலும் பாத்திரங்கள் உருண்டன, முருங்கை மரம் பூவை முழுவதும் கொட்டியது. வடிவு வாசலைத் தாண்டித் தெருவில் கால் வைத்தாள். நயினார் அவள் கையைப் பிடித்தான், பிடித்தபடியே நின்றான், அவள், நிக்காதிய, வண்டிக்கு நடங்க என்றாள்.

ஆம்புலன்ஸ் போன பிறகும் கூட்டம் கலையவில்லை. அவர்களில் நிறையப் பேருக்கு வீட்டில் பேச்சுத் துணை கிடையாது, எங்களுக்கும் தரையில் நிற்கிற மனிதர்களைப் பார்த்து நாளாகிவிட்டது. மதினி ஒரு அண்டாவில் ரசம் வைத்தாள், எல்லாரும் இடைவெளி விட்டு நின்று குடித்தார்கள், அண்ணாச்சி முதல் மடக்கிலேயே புளி கூடிப்போய்விட்டது என்றார், மதினி அவரைப் பார்த்த பார்வையில் அவ்வளவு சந்தோஷம்.

சாயங்காலம் ஆறு மணிக்கு எல்லாரும் அண்ணாச்சி வீட்டில் கூடி டிவி போட்டோம். அன்றைய எண் அதுவரை வந்த எண்களிலேயே பெரியது. நாங்கள் கட்டில் காலையும் தூணையும் ஜன்னல் கம்பியையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். செய்தி வாசிக்கிற பெண் தொற்று கண்டவர்களைச் சொன்னாள், இறந்தவர்களைச் சொன்னாள், வீடு திரும்பியவர்களைச் சொல்ல வாய் திறக்கும்போது அண்ணாச்சியின் செல்போன் அடித்தது. நயினார்தான். அண்ணாச்சி ஸ்பீக்கரில் போட்டார். பொம்பளப்பிள்ள, ரெண்டு பேரும் சொகமா இருக்காவ என்று அவன் சொன்னான், பின்னால் அந்தப் பிள்ளை வீறிட்டு அழுவது கேட்டது, நாங்கள் பிடித்திருந்த பிடியையெல்லாம் விட்டுவிட்டு அந்தச் செல்போனைச் சுற்றி நெருங்கினோம், குழந்தை யார் ஜாடை, என்ன எடை, பால் குடித்ததா, தலையில் முடி இருக்கிறதா என்று ஆளாளுக்குக் கேட்டோம், வடிவு ஈனக் குரலில் வந்து எனக்குப் பசிக்கி மதினி என்றாள். அந்தச் சந்தடியில் வளவு எழும்பியதா இல்லையா என்று பார்க்க எங்களில் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.